இடமில்லை என்ற பொய்

“இடமில்லாமல் போய்விட்டது, அழித்துவிட்டேன்.”

வெளியான ஒரு செவ்வியின் மூல ஒலிப்பதிவைக் கேட்கும்போதெல்லாம் செய்தியாளர்கள் பலரிடமிருந்து எனக்குக் கிடைக்கும் பதில் இது. சொல்பவரின் முகத்தில் கூச்சமோ கவலையோ இருப்பதில்லை. மேசையில் சேர்ந்த பழைய தாள்களைக் குப்பைக்கூடையில் போட்டதைச் சொல்வது போலச் சொல்கிறார்கள். எழுத வேண்டியதை எழுதியாயிற்று, அச்சிலும் வந்தாயிற்று, இனி அந்த ஒலிக்கு என்ன வேலை என்பது அவர்களது எண்ணம். கையடக்க ஒலிப்பதிவுக் கருவியில் இடத்தை நிர்வகிப்பதென்றால் நிறைந்தவுடன் அழிப்பது என்றே ஒரு தலைமுறை கற்றுக்கொண்டுள்ளது. அதை அவர்களுக்குக் கற்பித்தவை நமது ஆசிரியபீடங்களேயாகும்.

இதை ஒரு சில்லறைத் தொழில்நுட்ப விவகாரம் என்று கருதுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. எதை வைத்திருப்பது, எதை அழிப்பது என்பது ஆசிரியபீடம் எடுக்க வேண்டிய முடிவு. அந்த முடிவை இன்று எடுத்துக்கொண்டிருப்பது, அடுத்த செவ்விக்காக முச்சக்கரவண்டியில் விரைந்துகொண்டிருக்கும் ஓர் இளைஞரின் கட்டைவிரல். கருவியின் சிறு திரையில் தெரியும் கோப்பு எண்களில் எது யாருடைய குரல் என்பதுகூட அவ்வேளையில் அவருக்கு நினைவிருப்பதில்லை. பழையது எதுவோ அது போகிறது. பழையது என்பதாலேயே அது பெறுமதி மிக்கதாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் எவருக்கும் எழுவதில்லை.

முதலில், இடமில்லை என்பது உண்மைதானா என்று பார்ப்போம். இதற்குக் கூட்டல் பெருக்கல் தெரிந்தால் போதும். இறுவட்டின் தரத்தில், சுருக்கப்படாத இரட்டைத்தட ஒலியாகப் பதிந்தால் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் தேவை. அதையே 128 கிலோபிட் வேகத்தில் எம்.பி.3 கோப்பாகப் பதிந்தால் 58 மெகாபைட் கூட வராது. கடைகளில் மிகச் சாதாரணமாகக் கிடைக்கும் 32 கிகாபைட் நினைவக அட்டையொன்றில் முதலாவது முறையில் சுமார் 50 மணித்தியாலங்களும் இரண்டாவது முறையில் சுமார் 555 மணித்தியாலங்களும் அடங்கும். வாரத்துக்கு ஐந்து மணித்தியாலம் செவ்வி எடுக்கும் ஒரு கடும் உழைப்பாளிகூட அந்த ஓர் அட்டையை நிரப்ப இரண்டு ஆண்டுகளுக்கு மேல் எடுக்கும். ஒரு ரெராபைட் கொள்ளளவுள்ள வன்தட்டென்றால் அதே மனிதர் 66 ஆண்டுகள் பதிந்துகொண்டே இருக்கலாம். அவர் ஓய்வுபெற்ற பின்னரும் தட்டில் இடம் இருக்கும். அட்டையின் விலையோ ஒரு சோடிச் சப்பாத்தின் விலைக்கும் குறைவு. ஆகவே இடமில்லை என்பது பொய். ஒழுங்கில்லை என்பதே மெய்.

ஒரு காலத்தில் இது மெய்யாக இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. பிலிப்ஸ் நிறுவனம் 1963 இல் அறிமுகப்படுத்திய கசற்தான் நாங்கள் தொழிலுக்கு வந்தபோது எங்கள் கையில் இருந்தது. பக்கத்துக்கு 30 நிமிடமாக ஒரு மணித்தியாலம், அல்லது 45 நிமிடமாக ஒன்றரை மணித்தியாலம். அதன் விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்ரிக் பற்களை உடைத்துவிட்டால் அதன் மேல் வேறெதையும் பதிய முடியாது. உடைத்த துவாரத்தின் மேல் செலோரேப் ஒட்டிவிட்டால் மீண்டும் பதியலாம். தொண்ணூறுகளின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களுள் ஒன்றாக இருந்தது. சைக்கிளின் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட சனங்கள் நாங்கள். அங்கே ஒரு புதிய கசற் கிடைப்பதே பெரும்பாடு. அப்படிப்பட்ட வேளையில் ஒருவரின் குரலுக்கு மேல் இன்னொருவரின் குரலைப் பதிந்ததை வறுமை எனலாம். அந்த வறுமை எப்போதோ போய்விட்டது. அதன் பழக்கம் மாத்திரம் போகவில்லை. தோட்டத்தில் குழாய் வந்த பின்னரும் துலா மிதித்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பானது இது.

பெரிய நாடுகளின் பெரிய நிறுவனங்களும் இவ்வாறு செய்தன என்று சிலர் சமாதானம் சொல்லக்கூடும். செய்தன; அதற்காக இன்றுவரை வெட்கப்பட்டுக்கொண்டும் இருக்கின்றன. பிபிசி நிறுவனம் 1960களிலும் 70களிலும் விலை கூடிய ஒளிநாடாக்களை மிச்சம் பிடிப்பதற்காகப் பழைய நிகழ்ச்சிகளை அழித்து அதே நாடாவில் புதியவற்றைப் பதிந்தது. மனிதன் சந்திரனில் கால் வைத்த இரவு அது வழங்கிய ஒளிபரப்பின் பெரும்பகுதி இன்று அதனிடம் இல்லை. அமெரிக்காவின் நாசா நிறுவனமும் இதற்கு விலக்கல்ல. 1969 இல் சந்திரனிலிருந்து வந்த மூலச் சமிக்ஞைகளைத் தாங்கிய நாடாக்கள், தட்டுப்பாடு காரணமாக அழிக்கப்பட்டு வேறு பணிகளுக்குப் பயன்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்று 2009 இல் அந்நிறுவனமே ஒப்புக்கொண்டது. உலகம் தொலைக்காட்சியில் கண்டதைவிடத் தெளிவான படம் அவற்றில் இருந்தது. சந்திரனுக்குப் போகப் பணம் இருந்தது. நாடா வாங்க இருக்கவில்லை!

இதே வரலாற்றில் இன்னொரு பக்கமும் உண்டு. பிபிசி அழித்தவற்றுள் ‘டொக்டர் ஹூ’ என்ற தொடரின் 1960களின் பல பகுதிகளும் அடங்கும். அவற்றின் படங்கள் போய்விட்டன. ஆயினும், காணாமற்போன அப்பகுதிகள் எல்லாவற்றினதும் ஒலி இன்று கிடைக்கிறது. எவ்வாறு? தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் தமது சொந்த ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிந்து, அந்த நாடாவை அழிக்காமல் வைத்திருந்த சாதாரண நேயர்களால். கோடிக்கணக்கில் செலவிட்ட நிறுவனம் காக்கத் தவறியதை வீட்டு மேசையிலிருந்த சிறு கருவி காத்தது. கருவியின் கொள்ளளவு அங்கே காரணமாக இருக்கவில்லை. வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தது, அவ்வளவுதான்.

அந்த எண்ணம் நம்மிடம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் முன்னர் பணியாற்றிய ஒரு பத்திரிகை அலுவலகத்தில் செய்தியாளர்களுக்குப் பொதுவாகச் சில ஒலிப்பதிவுக் கருவிகள் இருந்தன. கருவியைத் திருப்பி ஒப்படைக்கும்போது அதைக் ‘காலியாக’ ஒப்படைக்க வேண்டும் என்று ஒருநாள் அறிவித்தல் ஒட்டப்பட்டது. ஒலிகளை எங்கே பிரதி செய்து வைப்பது என்று அந்த அறிவித்தலில் ஒரு சொல்லும் இல்லை. நான் கேட்டேன். கணினிகளில் விளம்பரப் பகுதியின் கோப்புகளுக்கே இடம் போதவில்லை என்று பதில் கிடைத்தது. புடவைக்கடை விளம்பரத்தின் பழைய வடிவங்கள் ஏழெட்டு அங்கே பத்திரமாக இருந்தன. ஒரு படமாக்கப்பட்ட முழுப்பக்க விளம்பரம் எடுக்கும் இடத்தில் எத்தனை மனிதர் பேசிய குரல்களை வைத்திருக்கலாம் என்று நான் கணக்குப் போட்டுக் காட்டியதை எவரும் பொருட்படுத்தவில்லை. இந்த நிலை அந்த ஓர் அலுவலகத்துக்கு மட்டும் உரியதல்ல என்பதைப் பின்னர் பல அலுவலகங்களிலும் கண்டேன்.

அழிக்கப்படுவது என்ன என்பதை எண்ணிப் பாருங்கள். 2017 பெப்ரவரி 20 ஆந் திகதி கிளிநொச்சியில் காணாமலாக்கப்பட்டவர்களின் உறவினர்கள் வீதியோரத்தில் அமர்ந்து தொடர் போராட்டத்தை ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னரும் 2010 இல் நியமிக்கப்பட்ட கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு முதலாக ஒவ்வோர் ஆணைக்குழுவின் முன்னும் போய்ப் பேசியவர்கள் அவர்கள். ஊடகவியலாளர்கள் எல்லோரும் அவர்களிடம் போனோம். “தம்பி, நான் சொல்லுறது உதில பதியுதோ?” என்று அந்தத் தாய்மார் கேட்பார்கள். “பதியுதம்மா, சொல்லுங்கோ” என்போம். அவர்கள் பிள்ளையின் பெயரையும், கடைசியாகக் கண்ட இடத்தையும், அன்று அவன் உடுத்திருந்த உடுப்பின் நிறத்தையும் சொல்வார்கள். அவர்களுள் பலர் பதில் கிடைக்காமலேயே இறந்துவிட்டார்கள். ஒரு மணித்தியாலம் பேசியதிலிருந்து பத்திரிகையில் வந்தது இருநூறு சொற்கள். மீதி எங்கே? அடுத்த நாள் நடந்த ஒரு கட்சியின் செய்தியாளர் மாநாட்டுக்கு இடம் தேவைப்பட்டபோது அது போயிற்று. பதியுதம்மா என்று நாம் சொன்னது ஒரு வாக்குறுதி. அது ஒரு வாரத்துக்கு மட்டுமே செல்லுபடியாகும் என்று நாம் அவர்களிடம் சொல்லவில்லை.

இடத்தை மிச்சம் பிடிக்க இன்னும் இரண்டு கைங்கரியங்கள் நடைபெறுகின்றன. இவை அழிப்பதிலும் நுட்பமானவை. வெளிப்பார்வைக்குச் சிக்கனமாகத் தெரிவதால் இவற்றை எவரும் கண்டிப்பதில்லை.

முதலாவது, பதிவின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்குவது. கருவியை வாங்கியவுடன், அதிக மணித்தியாலம் காட்டும் நிலையில் அதை வைத்துவிடுகிறார்கள். திரையில் நூற்றுக்கணக்கான மணித்தியாலம் என்று காட்டும்போது ஒரு திருப்தி. பல கருவிகளில் இந்நிலையில் செக்கனுக்கு 8,000 மாதிரிகளே எடுக்கப்படும். அப்படியானால் 4,000 ஹேர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி எதுவும் பதிவில் இராது. ச, ஸ, ஷ போன்ற உராய்வொலிகளை ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறியச் செய்யும் சத்தம் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது. முல்லைத்தீவுக் கடற்கரையில், காற்று வீசும்போது, பல் விழுந்த ஒரு முதியவர் ஒரு பெயரைச் சொல்கிறார். அலுவலகத்தில் வந்து கேட்டால் அது எந்தப் பெயர் என்று தெரிவதில்லை. ஊகித்து எழுதுகிறோம். அந்த ஊகம் அச்சேறி ஆவணமாகிறது. இவ்வளவுக்கும் மிச்சமானது மணித்தியாலத்துக்கு ஒரு சில பத்து மெகாபைட்.

இரண்டாவது, குரல் கேட்டால் மாத்திரம் பதியும் தானியங்கி வசதி. பேச்சு நின்றவுடன் கருவி பதிவதை நிறுத்திவிடும். மீண்டும் பேச்சு தொடங்கியதும் விழித்துக்கொள்ளும். இடம் மிச்சம், பற்றரி மிச்சம், பின்னர் தட்டச்சுச் செய்வதும் இலகு என்று இதைப் புகழ்வார்கள். கருவி விழித்துக்கொள்வதற்குள் முதல் அசை போய்விடும் என்பது ஒருபுறம். ‘போகவில்லை’ என்பதன் பிற்பகுதி மெல்லிய குரலில் வந்தால் அதுவும் போய்விடலாம். அப்போது எஞ்சுவது எதிர்மறையான பொருள். அதைவிடப் பெரிய இழப்பு மௌனம். “மகனைக் கையளித்தபோது நீங்கள் பார்த்துக்கொண்டு நின்றீர்களா?” என்ற கேள்விக்கும் “ஓம்” என்ற பதிலுக்கும் இடையே இருந்த இருபது செக்கன், அந்தச் செவ்வியின் மிக முக்கியமான பகுதி. கருவிக்கு அது வெற்றிடம். வெட்டி எறிந்துவிடும். அதைக் கேட்பவருக்கு அந்தத் தாய் உடனே பதில் சொன்னது போலிருக்கும். இது சிக்கனம் என்றால், பிரேதத்தைச் சவப்பெட்டிக்கு அளவாக வெட்டுவதும் சிக்கனம்தான்.

இனி எதிர்த்தரப்பு வாதத்துக்கு வருவோம். அதில் நியாயமும் உண்டு. “இந்த நாட்டில் ஒலிப்பதிவை வைத்திருப்பது ஆபத்து. 1979 இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் என்ன நடந்தது என்று உமக்குத் தெரியாதா? சோதனைச்சாவடியில் கருவியைப் பறித்தால் பேசியவரின் கதி என்ன?” என்று கேட்பார்கள். தெரியும். அந்தக் காலத்தைக் கடந்து வந்தவன் என்ற முறையில் நன்றாகவே தெரியும். செய்தி மூலத்தைக் காப்பதற்காக ஒரு பதிவை அழிக்க வேண்டிய சந்தர்ப்பம் வரலாம். அது ஊடகவியலாளரின் கடமைகளுள் ஒன்று. ஆயின் அப்படி அழிப்பவர் யாருக்காக, ஏன் அழிக்கிறோம் என்று அறிந்து அழிக்கிறார். இடத்துக்காக அழிப்பவர் எதை அழித்தோம் என்றே அறியார். முன்னவரின் நியாயத்தைப் பின்னவர் இரவல் வாங்கக் கூடாது.

அன்றியும், இந்தக் கருவிகள் அழிக்கும் முறையை அறிந்தால் இந்த வாதம் நம்மையே திருப்பித் தாக்கும். கருவியில் அழிக்கும் பொத்தானை அழுத்தியதும் ஒலி அழிந்துவிடுவதில்லை. நூலின் பொருளடக்கத்திலிருந்து ஓர் அத்தியாயத்தின் பெயரை மட்டும் நீக்குவது போன்றதே அது. பக்கங்கள் அப்படியே இருக்கும். வேறொரு பதிவு அதே இடத்தில் வந்து விழும்வரை. சாதாரண மென்பொருளொன்றின் உதவியுடன் அதை மீட்டெடுக்கலாம். ஆகவே, மூலத்தைக் காக்கிறேன் என்று பொத்தானை அழுத்திவிட்டுச் சோதனைச்சாவடிக்குப் போகிறவர் எவரையும் காக்கவில்லை. மறுபுறம், இடத்துக்காக அழித்துவிட்டு உடனே அடுத்த செவ்வியைப் பதிகிறவர் மீட்கும் வாய்ப்பையும் சேர்த்து இழக்கிறார். காக்க வேண்டியவரை அது காப்பதில்லை. வைத்திருக்க வேண்டியதையோ அழித்துவிடுகிறது. உண்மையிலேயே ஆபத்தான பதிவென்றால் அதற்குத் தனியான அட்டையொன்றைப் பயன்படுத்த வேண்டும்; பாதுகாப்பான இடத்துக்கு மறையீடு செய்து மாற்றிய பின் அந்த அட்டையையே உடைத்துவிட வேண்டும். அதற்கும் தேவைப்படுவது முன்கூட்டிய சிந்தனைதான்.

சட்டமும் ஒரு விடயத்தைச் சொல்கிறது. 1995 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சாட்சிய (விசேட ஏற்பாடுகள்) சட்டம், சம்பவத்தின்போதே பதியப்பட்ட ஒலியைச் சாட்சியமாக ஏற்க இடமளித்தது. பதிவு மாற்றப்படாததாக, தலையீடு செய்யப்படாததாக இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இல் நீக்கப்பட்டபோது நாம் மகிழ்ந்தோம். நட்டஈடு கோரும் குடியியல் வழக்கு நீங்கிவிடவில்லை. நாளை ஓர் அரசியல்வாதி “நான் அப்படிச் சொல்லவேயில்லை” என்று நீதிமன்றம் போனால் செய்தியாளரிடம் இருப்பது என்ன? ‘தேவையற்ற’ பகுதிகளைக் கருவியிலேயே வெட்டி நீக்கி இடம் மிச்சம் பிடித்த ஒரு துண்டு. அதைக் கொண்டு போய் எதிர்த்தரப்புச் சட்டத்தரணியின் முன்னால் வைத்தால் அவர் கேட்கும் முதற்கேள்வி, வெட்டிய பகுதியில் என்ன இருந்தது என்பதாகவே இருக்கும். அமெரிக்க ஜனாதிபதி நிக்சனின் அலுவலகத்தில் 1972 ஜூன் 20 இல் பதியப்பட்ட நாடாவொன்றில் பதினெட்டரை நிமிடம் அழிந்திருந்தது. நாடாவில் எஞ்சியிருந்த பேச்சைவிட, இல்லாத அந்தப் பதினெட்டரை நிமிடமே உலகம் முழுவதும் பேசப்பட்டது.

எல்லாவற்றையும் அப்படியே குவித்து வைத்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. அழிப்பவர்களுக்கு நேர் எதிரான இன்னொரு சாரார் உள்ளனர். கருவி தானாக இட்ட எண்களோடு ஆயிரக்கணக்கான கோப்புகள். எந்த ஆண்டு, எந்த ஊர், யார் பேசியது என்று எதுவும் இல்லை. கருவியின் திகதி ஒருபோதும் சரிசெய்யப்படாததால் எல்லாப் பதிவுகளும் ஜனவரி முதலாந் திகதி நள்ளிரவில் எடுக்கப்பட்டவையாகக் காட்சி தரும். சில கருவிகளில் ஒரு கோப்புறைக்கு இத்தனை கோப்புகள்தான் என்ற எல்லையும் இருக்கிறது. அட்டையில் பாதி வெறுமையாக இருக்கும்போதே ‘நிறைந்துவிட்டது’ என்று கருவி சொல்லும். அதை இடப் பற்றாக்குறை என்று நம்பிக் கண்டபடி அழித்தவர்களும் உண்டு. வேறொரு கோப்புறைக்கு மாறியிருந்தால் போதும். பெயரில்லாத பதிவு அழிந்த பதிவின் தம்பி. அதைத் தேட நேரமில்லாத ஒருவர் ஒருநாள் மொத்தமாக நீக்கிவிடுவார்.

என்ன செய்யலாம் என்பதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. இடத்தைப் பற்றிய யோசனை வீட்டைவிட்டுப் புறப்படும் முன்னர் முடிந்திருக்க வேண்டும். களத்தில் நின்று எதையும் அழிக்கலாகாது. அதற்காகவே சட்டைப்பையில் ஒரு மேலதிக அட்டை இருக்க வேண்டும். பெரிய வகை அட்டைகளின் பக்கவாட்டில் உள்ள சிறு பூட்டை, பதிவு முடிந்து அட்டையைக் கழற்றியதும் தள்ளிவிட்டால் தவறுதலாக எவரும் மேலே பதிய முடியாது. கசற்றின் பல்லை உடைத்ததற்கு இது சமம். செய்தியாளர் மாநாடு போன்றவற்றுக்கு 128 கிலோபிட் எம்.பி.3 தாராளமாகப் போதும். மீண்டும் கிடைக்காத குரல்களை, அதாவது முதியவர்களை, சாட்சிகளை, கூத்துப் பாட்டை, ஒப்பாரியை, சுருக்கப்படாத வடிவில் பதிய வேண்டும். ஒருமுறை எம்.பி.3 ஆகச் சுருக்கியபோது போன ஒலியைப் பின்னர் எந்த மந்திரத்தாலும் மீட்க முடியாது. சர்வதேச ஒலி, ஒளி ஆவணக் காப்பகங்களின் சங்கம் பழைய நாடாக்களை எண்ணிம வடிவுக்கு மாற்றும்போது குறைந்தது 48,000 மாதிரி, 24 பிட் என்று பரிந்துரைக்கிறது. செய்தியாளர் அந்த உயரத்துக்குப் போகத் தேவையில்லை. அத்திசையைப் பார்த்தாவது நிற்கலாம்.

செவ்வி தொடங்கும் முன் திகதி, இடம், பேசுபவர் யார் என்பதை உங்கள் குரலிலேயே கருவிக்குச் சொல்லுங்கள். பெயரைச் சொல்லக் கூடாத இடத்தில் ஒரு குறியீட்டைச் சொல்லுங்கள். கோப்பின் பெயர் தொலைந்தாலும் குரல் தன்னைத்தானே அடையாளம் காட்டும். அன்றிரவே இரண்டு இடங்களில் பிரதி எடுங்கள். எடுத்தால் மட்டும் போதாது. தொடக்கத்தையும் நடுவையும் முடிவையும் கேட்டுப் பாருங்கள். அதன் பின்னரே அட்டையைக் கருவியில் இட்டு, கருவியிலேயே போமற் செய்யுங்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சேமிப்பு, அவற்றில் ஒன்று வேறோர் ஊரில் என்பது உலகெங்கும் சொல்லப்படும் விதி. 1995 ஒக்ரோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்திலிருந்து கையில் அகப்பட்டதோடு புறப்பட்ட மக்களுக்கு, ‘வேறோர் ஊரில்’ என்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

பத்திரிகை நிறுவனங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அச்சடித்த இதழ்களைக் கட்டிக் கோவைப்படுத்தி வைக்கிறீர்கள். அவற்றுக்கு ஆதாரமான குரல்களுக்கு ஓர் அலுமாரி இல்லை. ஒரு வன்தட்டும், அதற்குப் பொறுப்பான ஒருவரும், எதை எவ்வளவு காலம் வைப்பது என்ற எழுத்திலான கொள்கையும் ஓர் ஆசிரியபீடத்துக்குத் தாங்க முடியாத செலவல்ல. 2005 இல் சில இளைஞர்களின் முயற்சியாகத் தொடங்கிய நூலகம் திட்டம், பெரிய முதலீடு எதுவுமின்றி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் சேர்த்தது. பின்னர் ஒலி, ஒளிப் பதிவுகளையும் சேர்த்துவருகிறது. தன்னார்வத்தினால் இயலுமானது, விளம்பர வருமானம் பெறும் நிறுவனங்களுக்கு இயலாது என்பதை நான் ஏற்க மாட்டேன்.

புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வாசிப்பவர்களுக்கும் இதில் பங்குண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருக்கும் அம்மாமாரின், அப்பப்பாமாரின் குரல்களை உங்கள் கையடக்கத் தொலைபேசிகளில் பதிந்து வைத்திருக்கிறீர்கள். ஊர்ப் பெயர்கள், ஒழுங்கைகள், கிணறுகள், கோயிற் சண்டைகள், கப்பலேறிய கதைகள் எல்லாம் அவற்றில் உள்ளன. ‘சேமிப்பு நிறைந்துவிட்டது’ என்று தொலைபேசி அறிவித்ததும் முதலில் போவது நீளமான கோப்பு. நீளமாகப் பேசுபவர்கள் கிழவர்கள். மற்றவர்கள் அனுப்பிய காலை வணக்கப் படங்கள் அப்படியே இருக்கும்.

1981 இல் யாழ்ப்பாணம் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது அழிந்த சுமார் 97,000 நூல்களுக்காக நாம் இன்றும் அழுகிறோம். அழத்தான் வேண்டும். ஒரு சமூகத்தின் நினைவை அழிப்பது எத்தகைய குற்றம் என்று உலகத்துக்கு எடுத்துச் சொல்லும் தகுதி நமக்குண்டு. எரித்தவர்கள் யார் என்றும் நமக்குத் தெரியும். ஆனால் கடந்த இருபது ஆண்டுகளில் நமது சொந்தக் கருவிகளிலிருந்து, நமது சொந்த விரல்களால், அடுத்த செவ்விக்கு இடம் வேண்டும் என்பதற்காக நாம் அழித்த குரல்கள் எத்தனை மணித்தியாலம்? அதற்கு எவரிடமும் கணக்கில்லை. அழித்ததற்குக் கணக்கு வைக்கும் வழக்கம் நமக்கில்லை. இனிப் பதியப் போவதற்காவது கணக்கு வைப்போம். அட்டையில் இடம் தாராளமாக இருக்கிறது.